அம்மனுக்குச் சொன்ன கார்

பெடாஸ் ஊரின் பெரிய சாலையோரத்தில் மங்கம்மா தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கும் உளுந்து வடையும் விற்கிற மேசைக்கு மேலே பச்சை நிறத்தில் ஒரு கேன்வாஸ் பந்தல் உண்டு. அதற்கு முன்பு அங்கே ஒரு பெரிய குடைதான் இருந்தது. ஒரு மழைக்காலத்தில் காற்று அந்தக் குடையைப் பிடுங்கிக் கால்வாயில் போட்டுவிட்டது. இரண்டொரு நாள் தலையில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு, நனைந்தபடியே வியாபாரம் பார்த்தாள். பிறகு ஒரு விடியற்காலையில் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தால், விளக்குக் கம்பத்துக்கும் மரத்துக்குமாக இழுத்துக் கட்டிய கூரை நிற்கிறது.

கட்டியது யார் என்று ஒருவரும் சொல்லவில்லை. மங்கம்மா கையைத் தூக்கித் தையலைத் தடவிப் பார்த்தாள். இரட்டைத் தையல். கயிறு கோக்கிற மூலைகளில் கிழியாமல் இருக்கத் தோல் துண்டு வைத்துத் தைத்திருந்தது. அந்தச் சாலையில் மூலைக்குத் தோல் வைக்கிற ஆள் ஒரே ஆள்தான். சற்றுத் தள்ளி, தகரக் கொட்டகையில் குஷன் வேலை செய்கிற அர்ச்சுனன்.

அவன் பசியாற வந்தபோது கேட்டாள். "நீதானடா கட்டினே?"

"எனக்கென்ன வேல வெட்டி இல்லையாக்கா? முனிசிபல்காரன் கட்டியிருப்பான்லா."

"முனிசிபல்காரன் வந்தா கடையத் தூக்கிக்கிட்டுப் போவான். கூரை போட்டுட்டா போவான்?"

"அப்ப மாரியம்மாதான் வந்து கட்டியிருக்கா. வடை சூடா இருக்கா, சொல்லுங்க."

செய்ததை ஒத்துக்கொள்ள மாட்டான். அவன் அப்படித்தான்.

இருவரும் கல்லுமலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். அர்ச்சுனனை மங்கம்மா கைக்குழந்தையாகத் தூக்கியவள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டுத் தாயோடு பால்மரம் வெட்டப் போனான். தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது, முள் குலையைத் தூக்க மாட்டேன் என்று சிரம்பானுக்குப் போய் ஒரு சீனத் தவுக்கே முதலாளியிடம் குஷன் வேலை கற்றுக்கொண்டான். தையல் இயந்திரம் ஒன்றோடு திரும்பி வந்து பெடாஸில் கொட்டகை போட்டான். பஸ் சீட்டு, லாரிக் கேன்வாஸ், மோட்டார் சீட்டு, ஒருமுறை பள்ளிக்கூட மேடைக்குத் திரைகூடத் தைத்தான். மனைவி ரதி போய்ச் சேர்ந்தாள். மகள் மாதவி கட்டிக்கொண்டு ஜொகூர்ப் பக்கம் மாசாய்க்குப் போனாள். அவனுக்கு மிச்சமிருந்தது இயந்திரமும், வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை கல்லுமலை மாரியம்மன் கோயிலும்தான்.

அந்தக் கோயிலுக்கும் ஒரு நாள் காலி செய்யச் சொல்லிச் சீட்டு வந்தது. தோட்டத்தை வீடமைப்புக் கம்பெனி ஒன்று வாங்கிவிட்டது. ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒரு துண்டு நிலம் தருகிறோம், ஆடி பிறப்பதற்குள் அம்மனைத் தூக்கிக்கொள்ளுங்கள் என்றார்கள்.

இதற்கு முன்பு பக்கத்துத் தோட்டத்து அம்மனைத் தூக்கியபோது அர்ச்சுனன் போயிருந்தான். செம்பனைக் குலை ஏற்றுகிற லாரியில், எண்ணெய்க் கறையின் மேல், குலை கட்டுகிற கயிற்றாலேயே அம்மனைக் கட்டி ஏற்றினார்கள். வளைவில் லாரி ஆடியதில் அம்மனின் விரல் ஒன்று உடைந்துபோனது. திரும்பி வந்த அன்று மாலை அவன் கல்லுமலைச் சன்னிதியில் நின்று வாய்விட்டுச் சொன்னதை மங்கம்மா தன் காதால் கேட்டாள்.

"ஒன்ன லாரில ஏத்த மாட்டேன் தாயி. நான் இருக்கிற வரைக்கும் ஏத்த மாட்டேன்."

அம்மன் முன்னால் சொன்ன சொல் சும்மா சொன்ன சொல் இல்லை. அதை எப்படி நிறைவேற்றப் போகிறான் என்றுதான் மங்கம்மாவுக்குத் தெரியவில்லை.

வைகாசியில் ஒரு நாள் காலை, இழுவை லாரியின் முதுகில் ஏறி ஒரு கார் வந்து கொட்டகை முன்னால் இறங்கியது. பால் நிறம், உருண்டை விளக்கு. மேலே மடக்குக் கூரை. அதை அந்தப் பக்கத்தில் ஹூட் என்பார்கள். துணி பூசணம் பூத்து, கிழிந்து, மழைநீர் தேங்கித் தொங்கியது.

"அடி ஆத்தி, கிராணி காரு!" என்று மங்கம்மா கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டாள்.

கல்லுமலை ஆபீசில் கணக்கு எழுதுகிற பெரிய கிராணியாக இருந்த சிவசிதம்பரம் ஐயாவின் மோரிஸ் மைனர் அது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். அவர் மனைவி பூரணம் அம்மாவுக்குப் பிள்ளை தங்காமலே இருந்தது. அந்த அம்மா தொழிலாளர் லயத்துப் பெண்களோடு வரிசையில் நின்று, தோட்டத்து மாரியம்மனிடம் முந்தானை ஏந்தி மடிப்பிச்சை கேட்டார். பிள்ளை தங்கினால் வருஷா வருஷம் திருவிழாவுக்கு அம்மன் எங்கள் காரில் ஊர்வலம் போகட்டும் என்று நேர்ந்துகொண்டார்கள். பிள்ளை பிறந்தது, தங்கியது. தனேஸ்வரன் என்று பெயர் வைத்தார்கள்.

லயத்துச் சனத்தில் ஒருவர்கூட அந்தக் காரில் ஏறியதில்லை. பிரசவ வலியில் துடித்தவளையும் ரப்பர்ப் பால் லாரியில்தான் கொண்டுபோனார்கள். ஆனால் அம்மன் ஏறினாள். கல்லுமலையில் ஒரு வழக்கம் உண்டு. வீதிக்கு வருகிற அம்மன் தலைக்கு மேலே குடைதான் இருக்கலாம், கூரை இருக்கக் கூடாது. அவள் வானம் பார்த்துப் போக வேண்டும். அதனால் திருவிழா அன்று ஹூட்டை மடக்கிப் பின்னால் வைப்பார்கள். இளவட்டங்களில் அந்த வேலைக்குச் சிவசிதம்பரம் ஐயா நம்பிய கை அர்ச்சுனன் கை ஒன்றுதான். மற்றவர்கள் கம்பியில் துணியை நசுக்கிவிடுவார்களாம்.

இப்போது காரோடு வந்திருந்தவர் தனேஸ்வரன். சிரம்பானில் பெரிய கணக்காய்வாளர். நரைத்த தலை, மலர்ந்த முகம், கொண்டுவந்த ஆரஞ்சுப் பழக் கூடையை அர்ச்சுனன் கையில் கொடுத்துவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பித்தார்.

"அப்பா உங்களைப் பற்றி அடிக்கடி சொல்லுவார். வேற ஆக்கள் ஒருத்தரும் ஹூட்டில கை வைக்கக் கூடாதாம். மகளுக்கும் கலியாணம் வருது. இதைப் பழையபடி ஆக்கித் தாங்கோ. துணி இங்கிலாந்தில இருந்து எடுப்பிச்சிருக்கிறன்."

அர்ச்சுனன் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு நின்றான். காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். பிறகு கேட்டான்.

"கூலி வேணாம் சின்னையா. எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். ஆனி கடைசி வெள்ளிக்கெழம அம்மா எடம் மாறுறா. அன்னைக்கு இந்தக் காரக் குடுங்க. ஹூட்ட மடிச்சு அம்மாவ ஒக்கார வச்சு, நான் பக்கத்துல நடந்தே வாரேன். நீங்களே ஓட்டுங்க."

"இது பெரிய விசயமோ? நான் அம்மாளாச்சி தந்த பிள்ளையெல்லோ! ஓம், கட்டாயம் கொண்டாறன்."

அவர் போனதும் மங்கம்மா இடித்துரைத்தாள். "இன்னும் என்னடா சின்னையா? அவருக்கே தல பஞ்சாப் போச்சு. ஒனக்கு வாய் கூசல?"

"பழகின வாயிக்கா. இப்ப மாத்தச் சொன்னா எங்க போறது?" என்று சிரித்தான். அப்படிச் சிரித்து அவள் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

அன்று மாலையே சன்னிதியில் சூடம் ஏற்றி, "கார் கெடச்சிருச்சு தாயி," என்று சொல்லிவிட்டான். கோயில் தலைவர் மகேந்திரன் மட்டும் இழுத்தார்.

"சும்மா வாய் வார்த்தையா? ஒரு எழுத்து, ஒரு கையெழுத்து வாங்குனியா?"

"அம்மா காரியத்துக்கு எழுத்தா? அந்தக் காரு அவளுக்கு நேர்ந்ததுலா. நாம கேக்கணும்கிறதே கூட இல்ல."

"நீ சொல்ற. சரி. நான் லாரிக்காரன்கிட்ட வேணாம்னு சொல்லிடுறேன். அப்புறம் என் தலைய உருட்டாதீங்க."

வேலை நடந்தது. பழைய துணியைக் கிழிக்காமல், ஆணி ஆணியாகப் பிடுங்கிக் கழற்றினான். அதையே புதுத் துணியின் மேல் விரித்து, சுண்ணக்கட்டியால் கோடு போட்டு வெட்டினான். கம்பிச் சட்டத்தைச் சுரண்டிச் சாயம் அடித்தான். முன் கண்ணாடிக்கு மேலே வருகிற மரச்சட்டம் உளுத்துப்போயிருந்தது. புதிதாகச் செதுக்கிப் போட்டான். வேலை நேரத்தில் வெற்றிலை போடவில்லை, வெள்ளிக்கிழமைகளில் வெறும் வயிற்றோடு தைத்தான். அம்மன் ஏறுகிற வண்டி அல்லவா? ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள மங்கம்மாவைக் கூப்பிடுவான். "மாவுக் கையோட தொடாதீங்கக்கா, கழுவிட்டு வாங்க," என்று விரட்டுவான். "இந்தக் கையால சுட்ட வடை மட்டும் எறங்குது," என்று அவளும் முணுமுணுத்துக்கொண்டே கழுவிவிட்டு வருவாள்.

அவன் மனசில் ஒரு கணக்கு இருந்தது. துணியை முழுக்கத் தைத்து வைத்துவிட வேண்டியது. காரில் மாட்டுவதை மட்டும் அம்மன் இடம் மாறிய பிறகு வைத்துக்கொள்வது. வெறும் சட்டத்தை மடக்கிவிட்டால் அம்மன் வானம் பார்த்துப் போவாள். மறுநாள் ஹூட் ஏறிவிடும். யாருக்கும் நஷ்டமில்லை.

ஆனி நடுவில் தனேஸ்வரன் வந்து அந்தக் கணக்கைக் கலைத்தார். பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லாரும் சி ரூசா கடற்கரையில் கூடுகிறார்களாம். அந்த ஞாயிற்றுக்கிழமை.

"வெறுங் கம்பியோட கொண்டுபோய் நிக்கேலாது, அர்ச்சுனன். போட்டுத் தாங்கோ."

அர்ச்சுனன் தயங்கினான். அங்கேதான் அவன் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டான். தொழில் செய்கிறவன் சொல்லாமல் இருக்க முடியாது.

"போட்டுடலாம் சின்னையா. ஆனா புது ஹூட்டு. இழுத்துக் கட்டுன துணி சட்டத்துல ஒக்காரணும். ரெண்டு மாசமாவது மடக்கக் கூடாது. மடக்குனா தழும்பு விழுந்துரும், பின் கண்ணாடியா இருக்கிற பிளாஸ்டிக்கும் வெடிச்சுரும்."

"அப்ப அம்மாளாச்சிக்கு?"

"அம்மாவுக்கு மட்டும் மடக்கிக்கலாம். தழும்பு விழுந்தா நான் பிரிச்சுப் புதுசா மாட்டித் தாரேன். துணி இன்னும் மிச்சம் இருக்கு."

"அதைப் பிறகு பாப்பம்," என்றார் தனேஸ்வரன்.

துணி முனையைப் பிடித்திருந்த மங்கம்மாவுக்கு அந்த 'பிறகு பாப்பம்' சரியாகப் படவில்லை. அர்ச்சுனனுக்கு அது காதிலேயே விழாத மாதிரி இருந்தது.

நல்ல உச்சி வெயிலில் ஹூட்டை ஏற்றினான். வெயிலில் துணி இளகும், அப்போது இழுத்து அறைந்தால் மாலையில் மத்தளம் மாதிரி விறைக்கும். வேர்வை துணியில் சொட்டாமல் நெற்றியில் துண்டைக் கட்டிக்கொண்டு, முன் சட்டத்தில் இழுத்து, பக்கங்களில் இழுத்து, மூலையில் ஒரு சுருக்கம் நின்றதென்று பிடுங்கி மறுபடி அறைந்தான். முடிந்தபோது தோட்டத்துக் காலத்தில்கூடக் கார் அப்படி இருந்ததில்லை. மிச்சத் துணியையும் செய்தித்தாளில் சுற்றிப் பின் சீட்டில் வைத்துக் கொடுத்துவிட்டான்.

"அத ஏன்டா குடுத்தே? திருப்பி மாட்டணும்னியே?"

"அவரு துணிக்கா. காரு வரும்போது துணியும் வரத்தானே போவுது."

அம்மன் புறப்பாட்டுக்கு முதல் நாள், வியாழக்கிழமை மத்தியானம் அர்ச்சுனனே போன் போட்டான். தையலில் கை இருப்பதால் எப்போதும் சத்தமாக வைத்துத்தான் பேசுவான். சாப்பாட்டுப் பொட்டலத்தோடு போன மங்கம்மா எல்லாவற்றையும் கேட்டாள்.

"சின்னையா, நாளைக்குக் காலம்பற. பூ எல்லாம் சொல்லியாச்சு."

"அர்ச்சுனன், நான் யோசிச்சனான். அந்தக் கூட்டத்தில எல்லாரும் ஹூட்டைத்தான் பாத்தவை. மடக்கக் கூடாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"சொன்னேன் சின்னையா. அம்மாவுக்கு மட்டும்…"

"மடக்கினால் தழும்பு விழும் எண்டு நீங்களே சொல்லிப்போட்டு, இப்ப மடக்கச் சொல்லலாமோ? கலியாணமும் வருது. மடக்காமல் அப்பிடியே அம்மாளாச்சியை உள்ளுக்க இருத்தலாம் எண்டால் கொண்டாறன்."

"கூரைக்குக் கீழ அம்மா வரமாட்டா சின்னையா. ஒங்க அப்பாவுக்கே தெரியும்."

"அப்ப என்ன செய்யிறது? கோயிலுக்கு ஒரு நல்ல நன்கொடை தாறன். குறை நினைக்காதையுங்கோ, என்ன?"

போன் வைத்துவிட்டார். அதட்டவில்லை, கடிந்துகொள்ளவில்லை. அத்தனை மிருதுவாகப் பேசினார். அர்ச்சுனன் நூலை எடுத்து ஊசியில் கோத்தான். பிறகு உருவினான், மறுபடி கோத்தான்.

"பொய் ஒண்ணும் சொல்லலியேக்கா அவரு," என்றான். "நான்தானே சொன்னேன்."

"நீ வேலைக்குச் சொன்னே. அவரு அதப் பிடிச்சிக்கிட்டாரு. மண்ணாப் போக!" என்று மங்கம்மா திட்டிவிட்டு, நாளைக்கு அம்மன் புறப்படுகிற நேரத்தில் இப்படி ஒரு சொல் வாயில் வந்ததே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை குலை லாரிதான் வந்தது. மகேந்திரன் ஓடியாடி எப்படியோ பிடித்திருந்தார். கழுவியிருந்தார்கள், வாழைமரம் கட்டியிருந்தார்கள். ஆனாலும் பலகையில் ஊறிய எண்ணெய் வாடை போகவில்லை.

"கார் வருது, கார் வருதுன்னு ஊரெல்லாம் சொன்னியே," என்றார் மகேந்திரன், நாலு பேர் கேட்க. "எங்கய்யா காரு? கண்ணுக்குத் தெரியாத காரா?"

சிலர் சிரித்தார்கள். அர்ச்சுனன் கையில் ஒரு மூட்டை வைத்திருந்தான். கழற்றிய பழைய ஹூட். சோப்புப் போட்டுத் துவைத்துக் காயவைத்திருந்தான். எத்தனையோ திருவிழாவில் அம்மனுக்குப் பின்னால் மடிந்து கிடந்த துணி. அதை லாரிப் பலகையில் விரித்தான். கயிறு வேண்டாமென்று, சீட்டுக்கு அடியில் போடுகிற அகல நாடாவால் அம்மனைச் சுற்றிக் கட்டினான். தானும் ஏறி, குடைக்காரனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான்.

மேளம் புறப்பட்டது. பெண்கள் மஞ்சள் நீர்க் குடத்தோடு முன்னால் நடந்தார்கள். தோட்டத்து முனை வளைவில் சக்கரம் பள்ளத்தில் இறங்கி லாரி ஒரு குலுக்குக் குலுக்கியது. அம்மன் சாய்ந்தாள். அர்ச்சுனன் தோளைக் கொடுத்துத் தாங்கினான். புது இடம் வரைக்கும் அந்தத் தோளை எடுக்கவில்லை. மங்கம்மா அண்ணாந்து பார்த்தபோது அவன் உதடு அசைந்துகொண்டிருந்தது. மந்திரமா, மன்னிப்பா, அவளுக்குத் தெரியாது.

அம்மனை இறக்கினார்கள். விரல் உடையவில்லை. ஆனால் அந்தத் தற்காலிகக் கொட்டகைக் கோயிலுக்குள் அர்ச்சுனன் காலெடுத்து வைக்கவில்லை. வெளியிலேயே நின்று, பழைய துணியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டான். பிறகு எந்த வெள்ளிக்கிழமையும் வரவில்லை.

"போடா, போய் ஒரு சூடம் கொளுத்திட்டு வா. பெத்தவ கோவிச்சுக்குவாளா?" என்று மங்கம்மா எத்தனையோ தடவை சொன்னாள்.

"என்னா மூஞ்சிய வச்சிக்கிட்டுக்கா போறது? லாரில ஏத்த மாட்டேன்னு சொல்லிட்டு, லாரில நின்னு நானே கட்டினேன்."

அவள் கொண்டுவந்து கொடுக்கிற திருநீற்றை வாங்குவான். நெற்றியில் இடமாட்டான். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வான். வருகிற வேலையையும் ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பினான்.

ஆடி அமாவாசைக்கு மங்கம்மா, போன புருஷனுக்குத் தர்ப்பணம் கொடுக்கக் கடலுக்குப் போனாள். சி ரூசாவில் முழுகி எழுந்து, ஈரச் சேலையோடு கரையேறி வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மரநிழலில் அந்தப் பால் நிறக் கார். கல்யாணத்துக்கு முன்பே எடுக்கிற படத்துக்காக ஒரு பெண்ணும் பையனும் பின் சீட்டின் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். அம்மன் உட்கார்கிற இடம். தனேஸ்வரன் தள்ளி நின்று, தலையைச் சாய்க்கச் சொல்லிக் கைகாட்டிக்கொண்டிருந்தார். படக்காரன் வெயில் நன்றாக இருக்கிறது என்றான். ஹூட் மடங்கிக் கிடந்தது. மடக்கத் தெரியாத கை மடக்கியிருந்தது, துணி கம்பிக்கு நடுவில் நசுங்கியிருந்தது.

மங்கம்மாவுக்குக் கேட்க வேண்டும் போல இருந்தது. வாயைத் திறந்தால் புருஷனுக்குக் கொடுத்த தண்ணீர் வீணாகுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். பெடாஸில் இறங்கியதும் கொட்டகை வாசல் வரைக்கும் போனாள். அர்ச்சுனன் இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.

"கடலு எப்பிடிக்கா இருந்துச்சு?"

"கடலு கடலாத்தான் இருந்துச்சு," என்றாள். அதோடு திரும்பி வந்துவிட்டாள். கடைசி வரைக்கும் சொல்லவில்லை. அவன் மனசில் இருந்தது தன் வாயால் வந்த பிசகு என்ற ஒரு வேதனை. அதற்கு மேல் இதையும் எதற்கு ஏற்றுவது?

புரட்டாசியில் மாதவி வந்து தகப்பனை மாசாய்க்குக் கூட்டிப் போனாள். தை பிறப்பதற்குள் அங்கிருந்து செய்தி வந்துவிட்டது. தூக்கத்திலேயே போய்விட்டானாம். சட்டைப்பையில் திருநீற்றுப் பொட்டலங்கள் இருந்தனவாம், பிரிக்காமல்.

அவன் புறப்பட்ட காலையை மங்கம்மா மறக்க மாட்டாள். மகள் காரில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தாள். அவன் பந்தலுக்குக் கீழே வந்து, வழிக்குக் கட்டி வைத்திருந்த நாசி லெமாக்கை வாங்கிக்கொண்டான். பிறகு அண்ணாந்து பார்த்து, மரத்துப் பக்கம் தளர்ந்திருந்த கயிற்றை அவிழ்த்து இறுக்கிக் கட்டினான்.

"முனிசிபல்காரன் கட்டினதுக்கு நீ ஏன்டா முடிச்சுப் போடுற?" என்றாள்.

அவன் சிரிக்கப் பார்த்தான். காரில் ஏறி, கதவைச் சாத்தி, கண்ணாடியை இறக்கினான்.

"அக்கா, சின்னையா இந்தப் பக்கம் வந்தாருன்னா மறக்காமச் சொல்லிருங்க. ரெண்டு மாசம் ஆயிருச்சு. இனிமே ஹூட்ட மடக்கலாம்."